வெண்கட்டியால் கீறிய வயல்

மச்சான்,

நேற்றுச் சம்மாந்துறையில் உன் வீட்டில் உனக்காகக் கத்தம் ஓதி முடிந்ததும் உன் மருமகன் தேநீரோடு ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மீன் பற்றிஸ். மாவுக்குள் மீனை வைத்து மடித்துப் பொரித்து, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. எண்ணெயும் மிளகும் சேர்ந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னை அடக்கி நாற்பது நாள்கூடச் சரியாக ஆகாத வீட்டில், தொப்பி போட்ட பெரிய மனிதர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். பள்ளிவாசல் மோதினார் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடும் உன் மனைவியின் குரல்தான் திரைக்குப் பின்னாலிருந்து வந்து என்னைக் காப்பாற்றியது.

"காக்காக்கு அந்தக் கூட்டம் ஞாபகம் வந்திட்டு போல. அவரும் பற்றிஸக் கண்டா இப்பிடித்தான் சிரிப்பார்."

சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு கல்முனைக்குத் திரும்பி, அதே கோபத்தோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் மருமகன் நல்ல பிள்ளை. "பீடச் சபை எண்டா என்ன மாமா?" என்று கேட்டார். ஒரு பீடத்தில் எந்தப் பாடங்களைப் படிப்பிப்பது, எந்த மாதத்தில் படிப்பிப்பது, யார் படிப்பிப்பது, எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் அங்கே இருக்கும் விரிவுரையாளர்களே கூடி முடிவெடுக்கும் சபை என்று விளக்கினேன். அதன் சம்மதமில்லாமல் பாடத்திட்டத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "நல்ல விசயம்தானே" என்றார். சொல்லும்போது எனக்கும் நல்ல விசயமாகத்தான் கேட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் அந்த விவசாய பீடத்தில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தபோதும் அப்படித்தானே நம்பினோம். நீ நீர்ப்பாசனம், நான் மண்ணியல். அந்தக் கல்விக்கூடத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதி, இது பத்திரிகையில் வந்தால் அதையும் கத்தரித்து அறிவித்தல் பலகையில் ஒட்டிப் பெருமைப்படுவார்கள்.

முதல் கூட்டத்துக்கு நீ புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தாய். பட்டமளிப்பு அங்கியின் கழுத்துப்பட்டி நெற்கதிரின் மஞ்சளா, நாற்றின் பச்சையா என்று அன்று பின்னேரம் வரைக்கும் பேசினார்கள். அந்தப் பீடத்திலிருந்து அதுவரை ஒரு பிள்ளைகூடப் பட்டம் பெற்று வெளியேறியிருக்கவில்லை. முடிவுக்கு வரவில்லை, அடுத்த கூட்டத்துக்கும் அதே பேச்சு. பீடாதிபதி தன் டையைத் தளர்த்திக்கொண்டு, "மிகவும் பயனுள்ள கலந்துரையாடல்" என்றார். அவர் எதையும் அப்படித்தான் முடிப்பார். தீப்பிடித்தாலும் பயனுள்ள தீ என்று சொல்லியிருப்பார்.

அவர்களுடைய பாடத்திட்டம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். மலைநாட்டிலிருந்த மூத்த பல்கலைக்கழகமொன்றின் கைநூலை அப்படியே எடுத்து, அட்டையை மாத்திரம் மாற்றியிருந்தார்கள். அங்கே மழை வருடம் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும், பரிசோதனைப் பண்ணையில் குழாயைத் திறந்தால் தண்ணீர். அதனால் அங்கே வயல் பயிற்சியைப் புரட்டாதியில் வைத்திருந்தார்கள். நம் ஆட்களும் புரட்டாதியிலேயே வைத்தார்கள். நம் கரையில் புரட்டாதி என்றால் என்ன? சிறுபோகம் வெட்டி முடிந்து, வாய்க்கால்களைப் பூட்டி, பெரும்போக மழைக்கு ஆட்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதம். கச்சான் காற்று கடைசியாக ஒருமுறை எரித்துவிட்டுப் போகும். சம்மாந்துறை வயல் வட்டைகளில் நிலம் கால் புதையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். சபையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் சொல்லவில்லை, ஏனென்றால் கைநூலில் அச்சடித்திருந்தது.

முதல் தொகுதிப் பிள்ளைகளுக்குப் புரட்டாதி வந்தது, பயிற்சி வந்தது, தண்ணீர் வரவில்லை. சபை கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. சைக்கிள் கொட்டிலின் சீமெந்துத் தரையில், கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியால் ஒரு வயலைக் கீறி, அதிலே பயிற்சியை நடத்தலாம். பிள்ளைகள் முழங்காலில் இருந்து கீறினார்கள். வரம்பு, வாய்க்கால், வரம்பை வெட்டித் தண்ணீர் பாயவிடும் வக்கடை, எல்லாம் கீறினார்கள். நீலநிற வெண்கட்டியால் தண்ணீரும் கீறினார்கள். பீடாதிபதி பார்வையிட வந்தார். வரம்பை மிதிக்காமல், காற்சட்டையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்த வயலைத் தாண்டினார். நீ என் காதுக்குள், "பாத்தியா மச்சான், கால் நனஞ்சிருமாம்" என்றாய். நான் இருமுவதுபோல் வெளியே ஓடிவிட்டேன்.

நீ சிரித்ததோடு விடவில்லை. அடுத்த மாதமே ஒரு புதிய பாடத்தை எழுதிக்கொண்டு வந்தாய். பெரும்போக நீர் முகாமைத்துவம். பிள்ளைகள் ஐப்பசியில் வயலுக்குள் இறங்கவேண்டும். போகம் தொடங்க முன் விவசாயிகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் கூடி விதைப்புக்கும் தண்ணீர் திறப்புக்கும் நாள் குறிக்கும் ஆரம்பக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து கேட்கவேண்டும். பிறகு விதைப்பிலிருந்து வெட்டு வரைக்கும் ஒரே வயலோடு நிற்கவேண்டும். உன் வாப்பா தன் காணியைத் தர ஒத்துக்கொண்டிருந்தார். சபை செய்யவேண்டியது ஒன்றுதான், தவணையை ஒரு மாதம் தள்ளிவைப்பது.

அந்த நேரத்தில்தான் உனக்குச் சவூதியிலிருந்து அழைப்பு வந்தது. பாலைவனத்தில் ஏதோ ஒரு நீர்ப்பாசனத் திட்டம், இங்கே நீ கனவிலும் காணாத சம்பளம். உன் மனைவி வயிற்றில் முதல் பிள்ளை. கல்முனைக் கடற்கரையில் தோணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் சொன்னாய்:

"பாடம் பாஸாகினா நான் இஞ்சதான் மச்சான். எனக்கு இந்த ஊரு போதும். பாஸாகாட்டி பிளேன் ஏறிருவன். வெண்கட்டித் தண்ணி காட்டிச் சம்பளம் வாங்க எனக்கு ஏலா."

உன்னைப்போல் ஒருவன் அந்த ஆட்களுடைய கையைப் பார்த்துக்கொண்டு தன் வாழ்க்கையை நிறுத்திவைத்திருந்தான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சபை உன் பாடத்தை உபகுழுவுக்கு அனுப்பியது. உபகுழு மலைநாட்டின் அபிப்பிராயத்தைக் கேட்டது. மலைநாடு பதில் போடவில்லை. பதில் வராததால் விடயம் ஆழமானது என்று உபகுழு அறிக்கையிட்டது. "பல்கலைக்கழகமா மழைக்குப் பின்னால் ஓடுவது?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். அவர் குடையில்லாமல் வாசலைத் தாண்டாத மனிதர். மாதங்கள் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நீதான் அந்தச் சபையின் உண்மையான நடைமுறையைக் கண்டுபிடித்தாய்.

"மச்சான், கவனிச்சியா? பற்றிஸ் வாற நேரம் மேசையில எது கிடக்கோ அது பாஸ். வாய்க்குள்ள பற்றிஸ வெச்சிக்கிட்டு ஒருத்தனும் எதிர்த்துக் கதைக்கமாட்டான்."

நான் நம்பவில்லை. அடுத்த கூட்டத்தில் கவனித்தேன். விடுதிக்கு இரும்புக் கட்டில் வாங்குவது பற்றிக் காலையிலிருந்து சண்டை பிடித்தவர்கள், தட்டு உள்ளே வந்ததும் வாயை மெல்லுவதற்கு ஒதுக்கிவிட்டு ஏகமனதாகக் கையை உயர்த்தினார்கள்.

சபையின் செயலாளராக இருந்தவர் உதவிப் பதிவாளர், கல்முனை மெதடிஸ்த குடும்பத்துப் பெண். மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நிகழ்ச்சி நிரலை ஒழுங்குபடுத்துவதும் தேநீருக்கு மணி அடிப்பதும் அவர். நீ அவரிடம் போய் நின்றாய்.

"மிஸ், எங்கட பாடத்தத் தேத்தண்ணிக்குக் கிட்ட வெக்க ஏலுமா?"

அவர் கண்ணாடிக்கு மேலால் உன்னைப் பார்த்தார். "ஏலும் சேர். நானும் இதுக்குள்ள இருந்து கனநாளாச் சலிச்சுப் போனன். மணிய நான் பாத்துக்கொள்ளுறன். நீங்க மட்டும் நீட்டிக் கதைச்சுப்போடாதீங்க."

அன்று நீ எழுந்து நாலு வசனம் பேசினாய். பேராசிரியர் எதிர்க்க வாயைத் திறந்தார். மணி அடித்தது, தட்டு வந்தது. அவர் திறந்த வாயைப் பற்றிஸால் மூடிக்கொண்டார். உன் பாடம் நிறைவேறியது. கைகள் உயர்ந்தபோது ஒரு கையிலிருந்து பற்றிஸ் தூள் மேசைமேல் உதிர்ந்ததைக் கண்டேன். அன்று மாலை நீ சம்மாந்துறைக்குப் போய் உன் மனைவியிடம், "நாம எங்கயும் போகல்ல புள்ள" என்று சொல்லியிருக்கிறாய். நேற்று அவர் அதைச் சொல்லித்தான் அழுதார்.

அடுத்த கூட்டத்தில் புதிய ஆண்டுக்கான கால அட்டவணை வந்தது. உன் பாடம் அதில் இருந்தது. பெரும்போக நீர் முகாமைத்துவம், வயல் பயிற்சியுடன், புரட்டாதி மாதம். அவர்கள் பகையால் அப்படிச் செய்யவில்லை மச்சான். அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்காதது. பாடத்தைச் சம்மதித்தவர்களில் ஒருவர்கூட அதை வாசித்திருக்கவில்லை. பயிற்சி என்று இருந்ததால், பயிற்சி மாதத்தில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

நீ எழுந்து ஒரு சொல் மட்டும் கேட்டாய்: "தண்ணி?"

பீடாதிபதி பெருந்தன்மையோடு விளக்கினார். "தண்ணீர் என்பது ஒரு நடைமுறைப் பிரச்சினை. இச்சபை கல்விசார் விடயங்களை மாத்திரமே ஆராயும். தவணைத் திகதிகள் நமக்கு மேலுள்ள பல்கலைக்கழக மூதவைக்கு உரியவை."

நான் எழுந்து கத்தினேன். இது விசர்த்தனம், பைத்தியக்காரத்தனம் என்றேன். கூட்டறிக்கையில் "உறுப்பினர் ஒருவர் மாற்றுக் கருத்துத் தெரிவித்தார்" என்று போட்டார்கள். நீ கத்தவில்லை. மிஸ்ஸைப் பார்த்து, "இண்டைக்குப் பற்றிஸ் இல்லையா மிஸ்?" என்று கேட்டுவிட்டு, உன் பைலை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் போகும் முன் நீ செய்துவிட்டுப் போன காரியம் ஒன்று இருக்கிறது. அந்த வருடம் மழைகால விடுமுறை வந்ததும், வெண்கட்டியால் வயல் கீறிய அதே பிள்ளைகளைச் சம்மாந்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். "விடுமுறைக்குச் சபைக்கு அதிகாரம் இல்லயே" என்றாய். முஸ்லிம் பிள்ளைகளும் பாண்டிருப்பு, திருக்கோவில் தமிழ்ப் பிள்ளைகளும் வயலோரத்தில் இருந்த உன் வாப்பாவின் குடிசையில், அந்த வாடியில், ஒன்றாகப் படுத்து எழுந்தார்கள். உன் உம்மா அவர்களுக்குச் சோறு போட்டார். முதல் வக்கடையை வெட்டத் தெரியாமல் ஒரு பிள்ளை பக்கத்து வயலுக்குத் தண்ணீரை விட்டு, அந்தக் காணிக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்ததும் அங்கேதான். அதற்கு யாரும் புள்ளி போடவில்லை. வெட்டு முடிந்த கையோடு நீ பிளேன் ஏறினாய்.

சவூதியிலிருந்து உன் முதல் கடிதம் சுருக்கமாக இருந்தது. "இஞ்ச மணலுக்குள்ள கோதுமை விளையுது மச்சான். கூட்டமே இல்ல." அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகமில்லை. உன் மகள் தகப்பனைப் படத்தில் பார்த்து வளர்ந்தாள். நீ இங்கே செய்யவேண்டிய வேலையை அந்நியன் ஒருவனுடைய பாலைவனம் வாங்கிக்கொண்டது. சிறுநீரகம் பழுதாகி நீ திரும்பி வந்தபோது நமக்குக் கதைக்க மிச்சம் இருந்தது கொஞ்சக் காலம்தான்.

உன் பாடத்துக்கு என்ன நடந்தது தெரியுமா? அது சாகவில்லை. வருடா வருடம் புரட்டாதியில் நடந்தது. பரீட்சைத் தாளில் "பெரும்போக நீர் வழங்கலை நேரில் கண்டவாறு விவரிக்க" என்று கேள்வி போட்டார்கள். பிள்ளைகளும் கண்டவாறு எழுதிச் சித்தியடைந்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சபையில் இருந்தேன். அட்டவணை வரும்போதெல்லாம் எழுந்து "தண்ணி?" என்று கேட்பேன். எல்லோரும் பொறுமையாக நான் உட்காரும் வரைக்கும் காத்திருப்பார்கள்.

நேற்றுக் கத்தத்துக்கு உன் வாடிப் பிள்ளைகளில் ஒருவன் வந்திருந்தான். அவன் இப்போது அதே சபையில் மூத்த விரிவுரையாளன். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"சேர், மௌத்தான எங்கட சேருக்குச் சபையில அனுதாபத் தீர்மானம் போட்டம். ஆக்கள் போதாம அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவெச்சிட்டாங்க."

"பற்றிஸ் குடுக்கல்லயா?" என்று கேட்டேன். அவனுக்குப் புரிந்தது. கண் கலங்கச் சிரித்தான்.

புறப்படும்போது உன் மனைவி நாலைந்து பற்றிஸைக் கடதாசியில் சுற்றி என் கையில் திணித்தார். நீ பைலோடு வெளியே போன அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் அதை வாயில் வைத்ததில்லை. பஸ்ஸுக்குப் போகாமல் உன் வாப்பாவின் காணிக்கு நடந்தேன். விதைப்புக் காலம். வாய்க்காலைத் திறந்திருந்தார்கள். வரம்பில் உட்கார்ந்து கடதாசியைப் பிரித்து ஒன்றைக் கடித்தேன். வாய் நிறையப் பற்றிஸோடு, கையை உயர்த்தினேன். எதிர்த்துக் கதைக்க அங்கே யாரும் இல்லை. கூட்டம் இவ்வளவுதான் மச்சான், நீ நிறைவேறிவிட்டாய், ஒத்திவைப்பு இல்லை.

அந்த ஆட்கள் மேலுள்ள வெறுப்பை நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். அதைக் கொஞ்சமும் ஆறவிடாமல் வைத்திருக்கிறேன், இனியும் வைத்திருப்பேன். ஆனால் நேற்று எழுந்து வரும்போது என் காலும் சப்பாத்தும் முழுக்க நனைந்திருந்தன. வக்கடையால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.