பதினொரு டிக்

ஜெயராணி,

சிதம்பரம் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். சங்கரா மீன் குழம்பைச் சுடவைத்து மூடியிருக்கிறேன், சாப்பிடு.

கதவோரம் நீ கட்டி வைத்த பையைப் பார்த்தேன். மேல்பட்டாம்பாக்கம் அம்மா வீட்டுக்கா? பயமாக இருக்கிறது.

காலையில் என் டைரியைக் காட்டி, "நான் என்னா ஒனக்கு ஹோம்வொர்க்கா மாமா?" என்று கேட்டாயே. தினம் ஓர் அன்பு வார்த்தையை வீட்டில் இங்கிலீஷில் சொல்லிவிட்டு டிக் போடச் சொன்னது வகுப்பு சார்தான். ஆனால் டியர், டார்லிங் என்று அவர் கொடுத்தது ஐந்துதான். டைரியில் பதினொரு டிக் இருக்கிறது, எண்ணிப் பார். மற்ற ஆறும் நானாகத் தேடியவை. சரியாகச் சொன்னேனா என்றுதான் தெரியவில்லை.

போவதென்றாலும் நான் வந்த பிறகு போ. எட்டரைக்குக் கடலூர் வந்துவிடுவேன்.

எழிலன்

பி.கு. பையில் உன் போன் சார்ஜர் இருக்காது. நான்தான் எடுத்துப் போகிறேன். திட்டாதே.