இடது தோளுக்கு மேலால்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா சுகம். மனோர் பார்க்கில் மழை விடவேயில்லை.

ஒன்று கேட்க வேண்டும். யூனிவர்சிட்டியை விட்டு நீ பந்து விளையாடப் போனதைப் பற்றியல்ல. அதில்தானே மூன்று வருடமாக நம் பேச்சு நின்றுபோய்க் கிடக்கிறது. நடுக்களத்தில் நிற்கும் நீ, பந்து வருவதற்கு முன்பே இடது தோளுக்கு மேலால் இரண்டு தரம் பின்னால் பார்க்கிறாய். அங்கே எதைத் தேடுகிறாய்? மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பந்தைத்தானே பார்க்கிறார்கள்? பந்து வந்ததும், ஆள் எங்கே நிற்கிறான் என்று முதலே தெரிந்தவன்போல் நிமிராமலே உதைத்துவிடுகிறாய்.

டிவியில் இது தெரியாது. டிவி பந்துக்குப் பின்னாலேயே ஓடும்.

சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எள் எரிக்க முருகன் கோயிலுக்குப் போவதாகத்தான் அம்மாவிடம் சொல்கிறேன். போன கிழமை என் ஜாக்கெட்டை மணந்து பார்த்தாள்.

"இஞ்சரப்பா, எள்ளு எரிச்சிட்டு வாற ஆளில ஏன் பொரிச்ச வெங்காயம் மணக்குது?"

மைதான வாசலில் வரிசை பர்கர் விற்கும் வண்டியை ஒட்டித்தான் நிற்கும் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த சனி தானும் வருவேன் என்று நிற்கிறாள். மைதானத்தில் மேல் வரிசையில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பின்னால் திரும்பும்போது கொஞ்சம் உயரப் பார்.

அப்பா