தேருக்கு விட்ட வழி

இன்று காலை கடைக் கதவைத் தூக்கியதும் பெயின்ட் வாசம் மூக்கில் ஏறியது. ரத வீதியின் ஓரமாக, சைக்கிள் போவதற்கென்று வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே உம் பாத்திரக் கடையில் உம் மகன் குடங்களை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தான். இந்தக் கோட்டைப் பார்க்க நீர் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது, வே.

நம் ஊரில் தேருக்கு முந்தின நாள் கடைக்காரர்கள் எல்லோருக்கும் நல்ல புத்தி வந்துவிடும். தகரப் பந்தலை மடக்குவோம், போர்டை இறக்குவோம். வீதி அகலமாகக் கிடக்கும். தேர் நிலைக்கு வந்த மறுநாளே எல்லாம் பழையபடி வெளியே வந்துவிடும். என் ஜவுளிக்கடைப் பொம்மைகளும் சேலை கட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கும்.

இடுப்பு எலும்பு முறிந்து தேறிய உம் மனைவி, கைத்தடியோடு முதன்முதலாகக் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. வீதி முனையில்தான் வீடு. ஓரமெல்லாம் நம் சாமான்கள் இருந்ததால் மதினி ரோட்டில் இறங்க வேண்டியதாயிற்று. ஒரு ஆட்டோ அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. டிரைவரை ஏசப் பாய்ந்த என்னை நீர்தான் தடுத்தீர்.

"அவனை ஏன்வே ஏசுதீரு? அவன் எங்கன ஒதுங்குவான்? உம்ம பொம்மை மேலயா?"

அதன் பிறகு மதினி தனியாக வாசல் தாண்டவில்லை. அடுத்த தேர் முடிந்த மறுநாள் நீர் மட்டும் பந்தலை விரிக்கவில்லை. ஏவாரம் படுத்துவிடும் என்று நான் பயமுறுத்தியும் கேட்கவில்லை.

"என்னைக்கோ ஒரு நாளு வார தேருக்கு வழி விடுதோம். தெனம் நடக்குத மனுசருக்கு விடப்பிடாதா?"

அதோடு நிறுத்தினீரா? கையில் பிள்ளையோடு எவராவது என் கடைப் பக்கம் வந்தால் போதும், எதிரிலிருந்து உம் சத்தம் கேட்கும்: "வே, தேர் வருது! பொம்மையை உள்ள எடும்!" வீதியே சிரிக்கும். எரிச்சலோடு எடுப்பேன், ஆள் போனதும் திரும்ப வைப்பேன்.

போன ஐப்பசியில் நீர் கண்ணை மூடினீர். அப்புறம்தான் நகராட்சிக்காரர்கள் வந்தார்கள். சாக்கடையை மூடி நடைபாதை போடுவதாகவும், கடைகள் பின்வாங்கினால்தான் முடியும் என்றும் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு. நான் எழுந்து, தேருக்கு விடும் வழியை மனுசருக்கு விடக்கூடாதா என்ற உம் பேச்சை அப்படியே ஒப்பித்தேன். சிரித்தார்கள். பழக்கடை அண்ணாச்சிதான் முதலில், "தேருக்கு மடக்குத பந்தல்தானவே, மடக்கிட்டாப் போச்சு" என்றார்.

நடைபாதை வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனாலும் சரக்கு லாரிகள் கடை திறக்கும் முன்பே வந்து போய்விடுகின்றன. ஆட்டோக்கள் ஹாரனை அலறவிடாமல் போகின்றன. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் பேசிக்கொண்டே போகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

இன்று வெயில் ஏறும் முன் மதினி வந்தார். தனியாக, நடைபாதையில், கைத்தடியை ஊன்றி ஊன்றி. அந்த நேரம் பார்த்து ஒருவன் என் கடை முன்னால் நடைபாதையில் பைக்கை ஏற்றினான். என்னையறியாமல் கத்திவிட்டேன்:

"ஏலே, தேர் வருது! வண்டிய எடு!"

பைக் இறங்கியது. மதினி நின்று என்னைப் பார்த்தார். "அவுக சத்தம் மாதிரியே இருக்கு, அண்ணாச்சி" என்றார். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக அசைந்து அசைந்து போய், உம் கடைப் படியில் நிலைக்கு வந்து சேர்ந்தார்.