நான் திருப்பிய தகடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பும் மருமகள் உடம்பும் எப்படி இருக்கிறது, குட்டிக்குச் சளி விட்டதா என்று கேட்டுக்கொண்டே தொடங்குகிறேன். எங்கள் இருவருக்கும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போலத்தான், மீட்புப் படகின் ஏணியில் ஏறும்போது வலிக்காதாம், வீட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போகச் சொன்னால் மட்டும் வலிக்குமாம். சமையலறைக் குழாயை மூன்று தடவை சரிசெய்துவிட்டார், இன்னும் ஒழுகுகிறது, நான் வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று படகு லைசென்ஸ் பற்றிய அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. வாயைத் திறக்காதே அம்மா என்று போனில் அத்தனை தூரம் சொன்னாய், நான் திறந்துவிட்டேன். உடனே போனை எடுக்காதே, முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. நீ குறுக்கே பேசினால் எனக்கு வார்த்தை தொலைந்துபோகிறது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். மருமகளும் படிக்கட்டும், அவளிடம் எதையும் மறைக்காதே.

அவள் என் கடல் பாதுகாப்பு நிலையத்தைப் பார்த்ததில்லை என்பதால் அவளுக்காகச் சொல்கிறேன். வாசலுக்குள் நுழைந்ததும் என் ஜன்னலை ஒட்டிச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது, ஆணிக்கு ஒன்றாகத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு படகின் எண், ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. கடலுக்குப் போகிறவர் சிவப்புத் தெரியும்படி திருப்பிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் வெள்ளைக்கு மாற்ற வேண்டும். மீன்பிடிப் படகென்றால் லைசென்ஸ், பதிவேடு, வயர்லெஸ் எல்லாம் உண்டு. பொழுதுபோக்குக்குப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சட்டமும் கிடையாது, இந்தத் தகடு ஒன்றுதான் எங்களுக்குப் பிடிமானம். போகும்போது எல்லாரும் ஒழுங்காகத் திருப்பிவிடுவார்கள், திரும்பி வந்ததும் பாதிப்பேருக்கு மறந்துபோகும், நேராக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் டூட்டி முடிகிற நேரத்தில் ஜன்னல் வழியாகத் துறையைப் பார்த்து, படகு நிற்கிறது என்றால் தகட்டை நாங்களே வெள்ளைக்குத் திருப்பிவிடுவோம். அந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லாரும் அப்படித்தான் செய்தோம். எவரும் எழுதி வைத்த விதி இல்லை, கைப்பழக்கம். மறதிக்காரர்களில் முதல் ஆள் நம் பல் டாக்டர். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்றுகூட வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே தகட்டுக்காக அவரைத் திட்டினேன், ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தூறல். ஆறு மணிக்குப் பலகையில் ஒரே ஒரு சிவப்பு, பல் டாக்டருடையது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. துறையில் அவர் படகு கட்டும் இடத்தில் நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு படகு நின்றது. அவர் தார்ப்பாயும் நீலம். இந்த மனுஷன் திருந்தவே மாட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே தகட்டைத் திருப்பினேன், அடுத்த டூட்டிக்காரரிடம் எல்லாம் வெள்ளை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குழம்பைச் சூடுபண்ணினேன். அது வேறு ஒருவர் படகு, மழைக்கு ஒதுங்கிக் காலியாக இருந்த இடத்தில் கட்டியிருக்கிறார். நாற்பது அடி நடந்து போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டாக்டர் மனைவி அக்காள் வீட்டுக்குப் போயிருந்தவர், மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து நிலையத்துக்குப் போன் செய்தார். உன் அப்பாதான் மீட்புப் படகை ஓட்டிக்கொண்டு போனார். பாறைத் திட்டுக்கு அப்பால் படகு கவிழ்ந்து கிடந்தது, டாக்டர் லைஃப் ஜாக்கெட்டோடு தன்னைக் கயிற்றால் படகோடு கட்டிக்கொண்டிருந்தார். விடியும் வரை உயிர் இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆறு மணிக்கே தேடப் போயிருந்தால் கிடைத்திருப்பார். இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலையில் தகடு வெள்ளையாக இருந்ததைப் பார்த்து எல்லாரும் என்ன நினைத்தார்கள் என்றால், டாக்டர் போகும்போதே திருப்பாமல் போய்விட்டார் என்று. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, சொல்லத் தேவையே வரவில்லை, அவர்களே சொல்லிக்கொண்டார்கள். டீக்கடையில், பேப்பரில், துறையில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. லைசென்ஸ் இல்லாத ஆள், பொறுப்பில்லாத ஆள், தேடப் போன செலவை அவர் வீட்டிலிருந்துதான் வாங்க வேண்டும் என்றார்கள். உனக்குத் தெரியும், பொழுதுபோக்குப் படகுகளுக்கும் லைசென்ஸ் வேண்டும், மீட்புச் செலவில் அவர்களும் பங்கு போட வேண்டும் என்று எத்தனை வருஷமாக நான் மனு மேல் மனு எழுதியிருக்கிறேன். இப்போது அதற்கே அரசாங்கம் கூட்டம் வைத்தது. நிலைய அதிகாரி சந்தோஷமாக வந்து, நீங்க இத்தனை வருஷமா கேட்டது இப்பதான் கிடைக்கப் போகுது, கூட்டத்துல வந்து டாக்டர் தகடு கதையை உங்க வாயாலயே சொல்லுங்க என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு உண்மை தெரியாது. நான் கேட்டது கிடைக்க வேண்டுமானால் செத்துப்போனவர் மேல் பழி நிற்க வேண்டும்.

பதினோராம் நாள் அப்பாவிடம் சொன்னேன். துறையிலிருந்து வந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிமிராமலேயே, அவர் கயித்தை நான்தான் அறுத்தேன், முடிச்சு எவ்வளவு ஒழுங்கா போட்டிருந்தார் தெரியுமா என்று மட்டும் சொன்னார். நான்கு நாள் கழித்து உனக்குப் போன் செய்தேன், நீ, யாரும் பாக்கலையே அம்மா, பென்ஷனுக்கு இன்னும் ஒன்பது மாசம்தானே, போனவர் திரும்பியா வரப்போறார் என்றாய். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பெற்றவளுக்கு ஒன்று ஆகிவிடக்கூடாது என்ற பயத்தில் வந்த பேச்சு. ஆனால் அந்தப் பேச்சில் என் குரல் கேட்டது, நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தது அதேதான், அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. கூட்டத்தன்று காலையில் அப்பா என் சீருடையைத் தானே இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்து வைத்திருந்தார். இதைப் போட்டுக்கிட்டே போ என்றார்.

கூடம் நிறைந்துவிட்டது. மீனவர் தரப்பில் பேசியவர், எங்க வலைக்கும் லைசென்ஸ் படகுக்கும் லைசென்ஸ், பொழுதுபோகாம வர்றவங்க தொலைஞ்சா தேடப் போறதும் நாங்கதான், அவங்களுக்கு மட்டும் என்ன சலுகை என்று மைக் அதிரக் கேட்டார். படகு கிளப் செயலாளர், ஒரு ஆள் செஞ்ச முட்டாள்தனத்துக்கு எங்க எல்லாரையும் பரீட்சை எழுதச் சொல்றீங்களா என்றார். ஆக, இரண்டு பக்கத்தாரும் டாக்டரைத்தான் மிதித்துக்கொண்டு பேசினார்கள். அவர் மனைவி மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் போகும்போது தகட்டைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுத்தான் போனார், இறங்கிப் போய்ப் பார்க்காமல் வெள்ளைக்கு மாற்றியவள் நான் என்று சொன்னேன்.

உடனே செயலாளர் எழுந்து, பாத்தீங்களா, தப்பு நிலையத்தோடது, எங்களுக்கு எதுக்கு லைசென்ஸ் என்றார். கைதட்டினார்கள். என் தப்புக்கு என்னைக் கேளுங்க, அதைச் சாக்கா வச்சு லைசென்ஸ் வேண்டாம்னு சொல்லாதீங்க என்றேன். டாக்டருக்கு முடிச்சுப் போடத் தெரிந்தது, ஆனால் கையில் வயர்லெஸ் இல்லை, வானத்தில் விடும் சிவப்பு வெளிச்சக் குச்சி இல்லை, அதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று அவரை யாரும் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அவர் உயிர் ஒரு பெண்பிள்ளையின் ஜன்னலை மட்டும் நம்பி இருந்திருக்காது. முன்பு டூட்டிக்கு இரண்டு பேர் இருந்தோம், நிதி இல்லை என்று ஒருவரை எடுத்துவிட்டார்கள், அந்த ஒருவருக்கான செலவை ஆசைக்காகக் கடலுக்குப் போகிறவர்கள் கொஞ்சம், மற்ற எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் என்று ஏற்கத்தான் வேண்டும், தண்ணீரில் கிடந்து கூப்பிடுகிறவனிடம் நீ பணம் கட்டினாயா என்று கேட்க முடியாது. இதையும் சொன்னேன். ஆனால் தனியாக இருந்ததால்தான் இப்படி ஆனது என்று நான் ஒளிந்துகொள்ளவில்லை. நாற்பது அடி நடப்பதற்கு ஒருத்தி போதும். என்ன முடிவு எடுப்பார்களோ தெரியாது, என் பேச்சால் லைசென்ஸ் தள்ளிப்போனாலும் போகலாம் என்று அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். என்னை இன்றிலிருந்து டூட்டியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணை வரும். பென்ஷன் வந்தால் வரும்.

வாசலில் டாக்டர் மனைவி காத்திருந்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நெஜமாவே திருப்பிட்டுத்தான் போனாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூணு வாரமா அவர்மேல இருந்த கோபத்துல நான் அழவே இல்லைங்க என்றார். சொல்லிவிட்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். நான் தொடவில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை. மன்னிப்பும் கேட்டுப் பார்க்கவில்லை, அவரிடம் இன்னும் ஒன்றை வாங்கிக்கொண்டு வர எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அக்காள் வரும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

நீ லீவு நாளில் அங்கே ஏரிக்குப் படகு எடுத்துப் போகிறாய் என்று மருமகள் சொன்னாள். அந்த ஊர்ச் சட்டம் கேட்கிறதோ இல்லையோ, நீ முறையாகப் படித்துப் பரீட்சை எழுது. குட்டிக்கு அவள் அளவுக்கே லைஃப் ஜாக்கெட் வாங்கு, வளர்ந்தால் போட்டுக்கொள்வாள் என்று பெரிதாக வாங்காதே. நீ கரைக்கு வந்ததை மற்றவர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாமல் நீயே வாயால் சொல்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே. இது பேப்பரில் வரும், அங்கே உன்னைத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அப்போது என் அம்மா எவ்வளவு நேர்மையானவள் தெரியுமா என்று தொடங்கிவிடாதே. அம்மா பார்க்காமல் திருப்பினாள், அதனால் ஒருவர் செத்துப்போனார், பிறகு அதை அவளே சொன்னாள் என்று இந்த வரிசையிலேயே சொல். கடைசியை முதலில் சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா