வடக்குக் கொல்லை

சேசு மரி சூசை துணை

ஆவூர்
24-6-1956

அன்பு மருமகள் அடைக்கலமேரிக்கு உன் தாய்மாமன் ஜெபமாலை அள்ளிக் கொடுக்கும் ஆசீர்வாதங்கள். இங்கு நான் நலம். என்னால் ஊரும் நலம்.

தலவாக்கொல்லையிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. தேயிலைத் தோட்டத்துக் கணக்கு வேலையும் போய், அந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை என்றான பிறகு மாப்பிள்ளை மரிய அந்தோணி யாரோடும் பேசுவதில்லை, வீட்டுக்குப் பின்னால் அவர் போட்ட முட்டைக்கோசுப் பாத்தியோடு மட்டும்தான் பேசுகிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் கண் கலங்கினேன். நான் கண் கலங்கினால் ஆவூரில் மழை வரும் என்பார்கள். வந்தது.

"வீடு எப்படி இருந்தாலும் சரி மாமா, நாள் முழுக்க வெயில் விழுகிற கொல்லை இருந்தால் அவர் பிழைத்துக்கொள்வார்" என்று கேட்டாய். பிடித்துவிட்டேன்! அரிமளத்தில் மாடி வீடு. தெற்குப் பார்த்த வாசல், வடக்கே கொல்லை, கொல்லைக்குள் கிணறு. ஒரு தாசில்தாருக்கே பங்களா பார்த்துக் கொடுத்தவன் நான். சும்மா முடிப்பேனா? நட்டநடு மத்தியானத்தில் கொல்லை நடுவில் போய் நின்றேன். ஒரு சாண் நிழல் இல்லை. என் நிழலே பயந்துபோய்க் காலடியில் ஒளிந்துகொண்டது. வீட்டுக்காரர் ஆத்மநாதன், "போதும் உள்ள வாங்க, மண்டை காஞ்சிரும்" என்று கெஞ்சினார். "வெயிலுக்குத்தான்யா என்னைக் கண்டா பயம்" என்றேன்.

"ஆடி பொறந்துட்டா பத்திரம் முடிக்க மாட்டேன். ஆற அமரப் பாக்கணும்னா ஆவணிக்கு வாங்க" என்றும் சொன்னார். வேதக்காரர்களான நமக்கு ஆடி ஏது? ஆனால் விற்கிறவர் பார்க்கிறாரே. அதனால் ஆனி முடிவதற்குள் நீ அனுப்பிய பணத்தில் உன் பெயருக்கே முடிக்கிறேன். சூரியனே வந்து குடியிருக்கும் வீடு என்று மாப்பிள்ளையிடம் சொல்.

உன் மாமன்
ஜெபமாலை

*

அரிமளம்
12-12-1956

அன்புள்ள மாமாவுக்கு அடைக்கலமேரி வணக்கமாக எழுதுவது.

நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

ஆவணிக் கடைசியில் வந்து இறங்கினோமே, அன்றைக்குக் கொல்லை முழுக்க நீங்கள் சொன்ன வெயில்தான். அவர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நேரே போய் மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். "நல்ல மண்ணு மேரி" என்றார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன் மாமா. மறுநாளே பாத்தி கட்டித் தக்காளியும் மிளகாயும் போட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் நாற்றைப் பற்றிப் பேச்சு, எருவைப் பற்றிப் பேச்சு.

பிறகு நிழல் வர ஆரம்பித்தது. முதலில் வீட்டுச் சுவரோரம். ஐப்பசியில் பாத்திக்கு வந்தது. இப்போது கிணறு வரைக்கும் நிழல்தான். பின்மதிலை ஒட்டி ஒரு முழத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் வெளிச்சம். அடுத்த வீட்டுக் கண்ணாத்தாள் அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஆனி மாசம் பாத்து வாங்கினீங்களாக்கும்? அப்ப சூரியன் வடக்க நிக்கும், கொல்லையில வெயிலு கொட்டும். மழைக் காலத்துல அது தெக்க சாஞ்சிருமுல்ல. ஒங்க மாடியே குறுக்க நிக்குதே, வெயிலு எங்கிட்டுக் கூடி வரும்?"

தக்காளி இன்னும் பூவே எடுக்கவில்லை. கிழங்கு முளை மாதிரி வெளுத்து நீண்டு கிடக்கிறது. "எல்லாச் செடியும் வடக்க பாத்துச் சாஞ்சு நிக்குது, பாத்தியா? இங்கேருந்து போயிரலாம்னு பாக்குதுக" என்றார் அவர். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு கொல்லைக் கதவைச் சாத்திவிட்டார். கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சோறு வைத்தால் சாப்பிடுகிறார். வைக்காவிட்டால் கேட்பதில்லை.

உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் கோபப்பட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அடைக்கலமேரி

*

சேசு மரி சூசை துணை

ஆவூர்
20-12-1956

அன்பு மருமகளுக்கு மாமன் ஆசீர்வாதம்.

கோபத்தைக்கூட என் மருமகள் எவ்வளவு அழகாக எழுதுகிறாள் என்று நம் சாமியாரிடம் படித்துக் காட்டினேன். சூரியன் தெற்கே போகும் விஷயம் எனக்குத் தெரியாதது அல்ல. ஐந்தாம் வகுப்பில் சூரியனைப் பற்றி நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். ஆனாலும் அது இந்த வருஷம் இவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டார்கள்?

அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது என் கஷ்டத்தை. என் வீடுதான் உனக்குத் தெரியுமே. வடக்குப் பார்த்த ஓட்டு வீடு, தெற்கே கொல்லை, முன்னும் பின்னும் மறைக்க ஒன்றுமில்லை. வருஷம் பூராவும் வெயில் கொன்று எடுக்கிறது. போன வாரம் திருச்சியில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினேன். கையைப் பிடித்தவர் பதறி எழுந்துவிட்டார். "இவ்வளவு வெயில் ஒடம்புல ஏறி இன்னும் எப்படி நடமாடுறீங்க? உடனே நிழலான வீடாப் பாத்துப் போங்க. அதுலயும் வடக்குக் கொல்லைன்னா நூறு வயசு" என்றார்.

உலகத்தில் எனக்கு வடக்குக் கொல்லை யார் தருவார்கள்? உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் ஆவூருக்கு வந்துவிடுங்கள், நான் அரிமளத்துக்குப் போகிறேன். வெட்கத்தை விட்டு மாமன் கேட்கிறேன். இல்லையென்று சொல்லிவிடாதே.

உன் மாமன்
ஜெபமாலை

*

அரிமளம்
7-1-1957

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த வேளை, இங்கே எல்லாம் சரியாகிவிட்டது. வெயில் திரும்பி வந்துவிட்டது மாமா. கிணற்றைத் தாண்டிக் கொல்லை வாசற்படி வரைக்கும் வருகிறது. தக்காளி கொத்துக் கொத்தாகப் பழுத்துத் தொங்குகிறது. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தும் மிச்சம். அவர் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீர் இறைக்கிறார்.

அதனால் நீங்கள் வீட்டை விட வேண்டாம். அத்தையைக் கட்டிக் கூட்டி வந்து, கடைசியில் வழியனுப்பிய வீடு, பிறந்ததிலிருந்து கோயில் மணி கேட்டு எழுந்த ஊர். அரிமளத்தில் உங்களுக்கு யாரைத் தெரியும்? உங்கள் பேச்சைக் கேட்க இங்கே யார் இருக்கிறார்கள்?

நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

அடைக்கலமேரி

*

சேசு மரி சூசை துணை

ஆவூர்
12-1-1957

அன்பு மருமகளுக்கு மாமன் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மேரி, உனக்கு இந்த வித்தை கைவரவில்லை அம்மா. போன மாதம் பூவே எடுக்கவில்லை என்று எழுதிய தக்காளி, அதற்குள் பூத்து, காய்த்து, பழுத்து, ஊருக்கே கொடுத்து மிச்சமா? நானாக இருந்தால் பிஞ்சோடு நிறுத்தியிருப்பேன். அதுவும் ஒன்றிரண்டு பிஞ்சு. கேட்கிறவன் மீதியைத் தானே பழுக்க வைத்துக்கொள்வான். மாப்பிள்ளை பாடுகிறார் என்று வேறு எழுதியிருக்கிறாய். உங்கள் கல்யாணப் பூசையில் பக்கத்தில் நின்றவன் நான். எல்லாரும் பாடும்போது அவர் உதட்டை மட்டும்தான் அசைத்தார்.

திருச்சி டாக்டரைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. நல்ல டாக்டர். எனக்கே அவரை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அரிமளத்தில் என் பேச்சைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டாய். இந்த ஊரில் என் கதை எல்லாருக்கும் மனப்பாடம். நான் வாயைத் திறந்தாலே, "தாசில்தார் பங்களாவா, மழையா, எது?" என்று கேட்கிறார்கள். அங்கே ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. முதல் நாளே கண்ணாத்தாளிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். கோயில் மணிக்குப் பெரிய திருநாளுக்கு வந்து போகிறேன். அப்போது நீ சோறு போடு.

ராக்கனின் மாட்டு வண்டியைப் பேசியிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கட்டிலும் பெட்டியுமாக அரிமளம் வந்து இறங்குவேன். அதே வண்டியில் உங்கள் சாமானை ஏற்றிவிடலாம். மாப்பிள்ளையிடம் நீ ஒன்றும் விளக்க வேண்டாம். வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விடு, போதும்.

கொல்லையில் நான் கத்தரி வைத்திருந்தேன். காய் ஒவ்வொன்றும் தேங்காய் பருமன். சரி, எலுமிச்சை பருமன். அடுத்தவன் போட்ட பாத்தியில் கை வைக்க மாட்டார் உன் புருஷன் என்று எனக்குத் தெரியும். அதனால் நேற்றே எல்லாவற்றையும் பிடுங்கி மண்ணைக் கொத்திப் போட்டுவிட்டேன். இப்போது அங்கே ஒன்றுமில்லை. காலையிலிருந்து வெறும் மண்ணில் வெயில் கிடக்கிறது.

உன் மாமன்
ஜெபமாலை