ஓடையின் இரு கரைக்கும் இழுபடும் செத்த காட்டுப்பன்றிகள் குறித்து

அனுப்புநர்:
ஓடைக்கரைப் பன்றிப் பண்ணையின் உரிமையாளர்
(இக்கரைக் காட்டுக் காவலரின் மனைவி)

பெறுநர்:
காட்டுப்பன்றி நோய்க் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
கால்நடை மருத்துவத் துறை

பொருள்: செத்த காட்டுப்பன்றிகளை மறைப்பது, என் கொட்டிலை உடனே சோதிக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குப் பயமாக இருக்கிறது. மனுவை இப்படித் தொடங்கக் கூடாது என்கிறார் என் நாத்தனார். வேறு விதமாகத் தொடங்க எனக்குத் தெரியவில்லை.

1. காட்டில் பன்றி செத்துக் கிடந்தால் தொடாமல் தகவல் சொல்ல வேண்டும், ரத்தம் எடுக்க ஆள் வரும்வரை அந்த எல்லைக் காவலரே காவல் நிற்க வேண்டும், பிறகு அவரே குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்பது தங்கள் உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் இங்கே ஓடைதான் எல்லை. இக்கரைக்கு என் கணவர், அக்கரைக்கு இன்னொருவர். பாறை நிலத்தில் குழி வெட்ட இருவருக்குமே மனம் வரவில்லை.

2. ஆகவே அக்கரைக்காரர் செத்த பன்றியைக் கயிறு கட்டி இக்கரைக்கு இழுத்துவிடுகிறார். என் கணவர் திருப்பி இழுத்துவிடுகிறார். காது கிழிந்த ஆண் பன்றி ஒன்றைக் காலையில் இக்கரையிலும் மாலையில் அக்கரையிலும் நானே பார்த்தேன். உயிரோடு இருந்தபோதுகூட அது இத்தனை முறை ஓடையைத் தாண்டியிருக்காது. தங்களுக்கோ இரு கரையிலிருந்தும் "சாவு இல்லை" என்றே தகவல் வருகிறது. காட்டுப்பன்றியிலிருந்து வீட்டுப் பன்றிக்குத் தொற்றும் இந்தக் காய்ச்சல் மனிதருக்கு ஒட்டாது என்று தாங்கள் சொன்னதை மட்டும் இருவரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

3. என் கணவர் கெட்டவர் அல்ல. இழுத்துவிட்டதைத் திருப்பி இழுக்காவிட்டால் ஏமாளி என்று சிரிப்பார்களே என்ற ரோஷம்தான். ஆனால் போன வாரம் அந்தக் கயிற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் கொட்டிலின் கதவைக் கட்டப் பயன்படுத்தினார். தொங்கிய நுனியைச் சினைப்பன்றி மென்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கயிற்றைப் பிடுங்கி எரித்தேன். பிடுங்கும் முன்பே அது பாதியை மென்றுவிட்டிருந்தது.

4. இன்று காலை அது தீனியைத் தொடவில்லை. உடம்பு கொதிக்கிறது. காதுகள் சிவந்து கிடக்கின்றன. கணவரிடம் சொன்னேன். "வெயில் சூட்டுக்குப் படுத்திருக்கு, அவ்வளவுதான். வியாபாரிகிட்ட பேசிட்டேன், நாளைக்கு வண்டி வருது, எல்லாத்தையும் ஏத்திடலாம். நீ எங்கயும் வாயத் திறந்துடாத" என்றார். சொல்லும்போது அவர் குரலும் நடுங்கியது. அவருக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

5. அந்த வண்டி இங்கிருந்து நேரே சந்தைக்குப் போகாது. வழியிலுள்ள பண்ணை ஒவ்வொன்றிலும் நின்று பன்றி ஏற்றும். அவர்களும் எங்களைப் போலக் கொட்டிலை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள்தான். கொட்டிலைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்திருக்கிறேன். கணவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் எத்தனை நேரம் மறுக்க முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

6. ஆகவே நாளை வண்டி வருவதற்குள் தாங்கள் வந்து என் பன்றிகளின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். செத்ததைப் பார்த்துச் சொல்பவரே குழி வெட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டை மாற்றி, அதற்குத் தனி ஆட்களை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை. இரண்டு காவலரின் வேலைக்கும் கேடு வராமல் பார்த்துக்கொள்ளுமாறும் கெஞ்சிக் கேட்கிறேன்.

7. நோய் உறுதியானால் எல்லாவற்றையும் கொல்வீர்கள் என்பது தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். தடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். சினைப்பன்றிக்கு ஈனும் நாள் நெருங்கிவிட்டது. பழகாத கை பட்டால் மிரண்டு கத்தும். அதன் முறை வரும்போது தலையை நான் பிடித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.

கணவருக்குத் தெரியாமல் இந்த மனுவை என் நாத்தனார் நேரில் கொண்டு வருகிறார். தங்கள் வண்டியிலேயே அவர் வழி காட்டுவார்.

இடம்: ஓடைக்கரை
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்களை எதிர்பார்த்துக் கொட்டில் வாசலில் நிற்கும்,
(ஒப்பம்)
பண்ணைக்காரி