அறுபத்தொரு மதிப்பெண்ணுக்கு ஒரு கல்லூரி

அன்புள்ள மகனுக்கு,

இக்கடிதத்தில் உள்ளவை:
1. உன் மகளுக்குக் கிடைத்த கல்லூரி
2. நீ கையெழுத்திட வேண்டிய இடம்
3. உன் காலத்தில் இந்த வசதி இல்லாதது

முதலாவது. அவளுக்கு நூற்றுக்கு அறுபத்தொன்று. இருபத்தாறு கல்லூரிகளின் கையேடுகளை வாங்கி, அங்கே சேர்ந்தவர்களின் சராசரி மதிப்பெண்ணை ஒரு தாளில் எழுதினேன். ஒரு கல்லூரியில் அது ஐம்பத்திரண்டுதான். அங்கே இவள் மதிப்பெண்ணுக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. தாளைப் பார்த்தவள், "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அப்ப நான்தான் இலுப்பைப்பூவா, தாத்தா?" என்றாள்.

"அங்க போனா சர்க்கரைதாம்மா," என்றேன்.

இரண்டாவது. படிவத்தின் நான்காம் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அது கல்லூரிக்குப் போய்ச் சேராவிட்டால் சலுகை அடுத்தவருக்குப் போய்விடும். என்மேல் உள்ள வருத்தத்தை இதில் காட்டிவிடாதே.

மூன்றாவது. நீ வாங்கியது அறுபத்து மூன்று. "இந்த மார்க்குக்கு எவன்டா சலுகை தருவான்?" என்று கேட்டு, அந்த வாரமே உன்னை வெல்டிங் பட்டறையில் சேர்த்தேன். அன்று இப்படியொரு வசதி இருந்ததில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, உறையில் இடுமுன் கையேட்டை மறுபடி சரிபார்த்தேன். இந்தச் சலுகை தொடங்கி நாற்பத்தோரு ஆண்டுகள் ஆகின்றனவாம். நீ பள்ளி முடித்து இருபத்தொன்பது ஆண்டுகள்தான் ஆகின்றன.

மூன்றாவது குறிப்பு தவறு. அன்று நான் எந்தக் கல்லூரியிலும் போய்க் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா